அண்டங்காக்கைக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில்

ஜூன் 3, செவ்வாய்

முப்பத்தொரு வருடம் ஒரு செய்தித்தாளில் மெய்ப்புத் திருத்தினேன். பிறர் எழுதியதை எல்லாம் திருத்தியாயிற்று, இனி நீங்களே எழுதிப் பழகுங்கள் என்கிறார் பதிப்பாளர் ஞானதுரை. அதற்காக இந்த நாட்குறிப்பு.

அவர் காலையில் வந்தபோது நான் கேஸ் புத்தகத்தைத் தேடி பீரோவைத் திறந்து போட்டிருந்தேன். புத்தகம் கிடைக்கவில்லை. பழுப்புத் தாள் அட்டை போட்ட மூன்று நீள நோட்டுகள் கிடைத்தன. காபி போட்டு எடுத்து வருவதற்குள் ஞானதுரை முதல் நோட்டைப் பாதி புரட்டிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது! இவ்வளவு பறவை பாத்திருக்கிய, ஒரு வார்த்தை சொல்லலியே!"

நான் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய எனக்கு வராது. சர்க்கரை கரைவதற்குள் அவர் இரண்டு புத்தகங்களை முடிவு செய்துவிட்டார். சிறுவர்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு வந்துவிட வேண்டும்.

"பறவை ஒண்ணுதான் அண்ணாச்சி. புள்ளைகளுக்கு எழுத்து பெருசு, பெரியாளுகளுக்கு வெல பெருசு. ஆவுடையப்பன்னு உங்க பேரைப் பெருசாப் போட்டுருவோம்."

நோட்டுகள் என் மனைவி செண்பகவல்லியுடையவை. அவள் ஊரில் இல்லை. தூத்துக்குடியில் இருக்கும் தங்கை சங்கரிக்கு முழங்கால் வலி என்று உதவிக்குப் போயிருக்கிறாள். போனது நவம்பரில்.

ஜூன் 5, வியாழன்

முழங்கால் வலி ஏழு மாதம் நீடிக்குமா என்று எலும்பு மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். ஆளைப் பொறுத்தது என்றாள். ஒருவருக்கு இரண்டு முழங்கால்கள் இருப்பதால் பதினான்கு மாதம் வரை கணக்கு வைத்திருக்கிறேன்.

முதல் நோட்டைப் படிக்க ஆரம்பித்தேன். நான்கு பத்தி கோடு போட்டிருக்கிறாள். நேரம், பறவை, எண்ணிக்கை, குறிப்பு. கோடுகள் நேராக இருக்கின்றன. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்குக் கோடு போடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனிக்கிழமைகளின் குறிப்புகள் எல்லாம் குளத்தங்கரையில் எழுதியவை. இலைக்கோழி, முக்குளிப்பான், நாமக்கோழி. பதினோரு வருடமாக அவள் சனிக்கிழமை காலை பெருமாள் கோயிலுக்குப் போவதாக நினைத்திருந்தேன். அவள் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. பிரசாதம் கொண்டுவந்ததாகவும் நினைவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மொட்டை மாடியில் ஒரு மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. எதற்கென்று தெரியவில்லை. கீழே கொண்டுவந்து, மின்விசிறியில் தாள்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

ஜூன் 8, ஞாயிறு

அட்டைப் படத்துக்கு ஆசிரியர் புகைப்படம் வேண்டும் என்று ஞானதுரை என்னை ஒரு குளத்துக்கு அழைத்துப்போனார். கழுத்தில் பைனாகுலரை மாட்டிவிட்டார். கண்ணில் வைத்துப் பார்த்தேன். பறவைகள் மிகத் தொலைவில் இருந்தன. எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். சற்று அருகில் இருந்தன.

"அண்ணாச்சி, திருப்பிப் பிடிங்க" என்றார் ஞானதுரை.

அதற்குள் படம் எடுத்து முடித்திருந்தார்.

ஜூன் 12, வியாழன்

முதல் நோட்டு, நாற்பத்திரண்டாம் பக்கம்: "சட்டியில் தண்ணீர் வைத்த ஒன்பதாம் நாள். தவிட்டுக்குருவி 7. வரிசையாக நின்று குளித்தன."

சட்டியை மாடியில் வைத்துவிட்டு வந்தேன். தாள்களுக்கு ஒரு அகராதி போதும்.

ஜூன் 19, வியாழன்

சிறுவர் புத்தகத்துக்கான விதிகளை ஞானதுரை தொலைபேசியில் சொன்னார்.

"சாவு வரக் கூடாது. முட்டை திருடக் கூடாது. ஒண்ண ஒண்ணு திங்கக் கூடாது."

"செம்போத்து பாம்பையே தின்னுமே."

"சைவச் செம்போத்து இல்லியா அண்ணாச்சி?"

"பழமும் திங்கும்னு கையேட்டுல உண்டு."

"அப்ப அதைப் போடுங்க."

பெரியவர்கள் புத்தகத்துக்கு ஒரே விதிதான். அங்கங்கே மனதுக்கு ஆறுதலாக ஏதாவது வர வேண்டும். பெரியவர்கள் பறவைப் புத்தகம் வாங்குவது பறவைக்காக அல்லவாம்.

இலைக்கோழியில் சிக்கல். பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. அடைகாப்பது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாமரை இலைமேல் நடப்பது எல்லாம் சேவல்தான். அம்மா எங்கே என்று பிள்ளைகள் கேட்கும் என்கிறார் ஞானதுரை. உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எழுதினேன். இலைக்கோழிக்கு முழங்கால் உண்டா என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

சங்கரி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அத்தான், நான் சங்கரி பேசுதேன். நல்லா இருக்கியளா?"

"முழங்கால் எப்படிம்மா இருக்கு?"

"எந்த முழங்கால்?" என்றாள். பிறகு, "ஆங், இருக்கு அத்தான், அது பாட்டுக்கு இருக்கு" என்றாள்.

செண்பகவல்லி ஒன்று கேட்கச் சொன்னாளாம். பீரோவில் இடது பக்கம், சேலைகளுக்கு அடியில் மூன்று நோட்டு இருக்கும். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிட வேண்டும்.

"சேலை எதுவும் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நோட்டு மட்டும் போதும்னா."

"அப்படி எதுவும் இல்லியே."

"நல்லாத் தேடிப் பாருங்க அத்தான். அக்கா ரொம்ப நாளாக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தா."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். பேசும்போது இரண்டாம் நோட்டு என் மடியில் இருந்தது. தேடுவதற்கு வசதியாகத்தான்.

செண்பகவல்லி அறையில் இருந்தாளா என்று தெரியவில்லை. பின்னால் ஒரு தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 3, வியாழன்

யோசித்துப் பார்த்தால், நோட்டைக் கொடுத்தனுப்புவதைவிட அவளே வந்து தேடிப்பார்ப்பது நல்லது. அவள் வைத்த இடம் அவளுக்குத்தான் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

ரசம் வைத்தேன். மூன்று பேருக்கு வந்துவிட்டது. மூன்று வேளையாக நானே மூன்று பேராக இருந்துகொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

இரண்டாம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் புதிதாக ஒரு வரி. காலை 6.40. பறவை என்ற பத்தியில் "அவர்". எண்ணிக்கை என்ற பத்தியில் 1. குறிப்பு: "செய்தித்தாள்."

இந்த வேலைக்காக வாங்கிவைத்த ஆறு பறவைக் கையேடுகளிலும் தேடினேன். அப்படி ஒரு பறவை இல்லை. வலசை வந்ததாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஞானதுரையின் அலுவலகத்தில் தட்டச்சு, பக்க அமைப்பு எல்லாம் ரெஜினா. நாற்பது வயதிருக்கும். பெரியவர்கள் புத்தகத்தில் இருபது பக்க முன்பகுதிக்குப் பிறகு நோட்டுக் குறிப்புகளை அப்படியே பறவைவாரியாகத் தர வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. நான் ஒவ்வொன்றையும் நகலெடுத்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ரெஜினா சிரித்தாள்.

"நோட்டைக் குடுங்க சார். நான் பத்தி பத்தியா அடிச்சிருதேன். அப்புறம் ஒரு பட்டனைத் தட்டினா அகர வரிசையில தானா அடுக்கிக்கும்."

"அர்த்தம் புரிஞ்சு அடிக்கணும்மா."

"பதினாறு வருசமா நான் அர்த்தம் பாத்து அடிச்சதில்ல சார். அர்த்தம் பாத்தா வேகம் கொறையும்."

மூன்று நோட்டுகளையும் கொடுத்தேன். மூன்றாவதை நான் இன்னும் படிக்கவில்லை. நேரமில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாள் முழுவதும் நேரம் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

சிறுவர் புத்தகத்தை ஒரு சிறுவராவது படித்துப் பார்க்க வேண்டும் என்பது ஞானதுரையின் வழக்கம். ரெஜினாவின் மகள் மூன்றாம் வகுப்பு. படித்தாளாம்.

"என்னம்மா சொன்னா?"

"நல்லாருக்குன்னா சார்."

"வேற?"

ரெஜினா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவுங்க பறவையே பாத்ததில்லையாம்மான்னு கேட்டா."

அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

பெரியவர்கள் புத்தகத்தின் முதல் மெய்ப்பு வந்தது. நூற்று அறுபது பக்கம், பொருளடைவு உள்பட. இருபத்தாறாம் பக்கத்தில், அண்டங்காக்கைக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில், மற்ற பறவைகளுக்குப் போலவே தடித்த எழுத்தில் தலைப்பிட்டு, அரைப் பக்கத்துக்கு இது இருக்கிறது:

அவர்

ஜன. 12, காலை 6.40. கீழறை. எண்ணிக்கை 1. செய்தித்தாள்.
ஜன. 20, காலை 6.40. கீழறை. எண்ணிக்கை 1. "உப்பு" என்றார்.
மார்ச் 2, காலை 7.05. கொண்டலாத்தி கிணற்று மேட்டில் வந்து நிற்கிறது என்று போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றார். எழுந்திருக்கவில்லை. அது கால் மணி நேரம் நின்றது.
ஏப். 9, பகல் 11. எண்ணிக்கை 1. பத்திரிகையில் ஏதோ பிழையைக் கண்டு தனியே சிரித்தார். பார்க்க நன்றாக இருந்தது.
ஜூலை 17, மாலை 5.30. எண்ணிக்கை 1. நான் பேசிய ஒரு வாக்கியத்தைத் திருத்தினார்.
செப். 1. அதே.
செப். 22. அதே.
அக். 30, காலை 6.40. இந்த மாதம் என்னிடம் பேசியவை மொத்தம் ஒன்பது வார்த்தைகள். அதில் நான்கு, உப்பு.
நவ. 3. குறிக்க ஒன்றுமில்லை.

அவள் தூத்துக்குடிக்குப் போனது நவம்பர் நான்காம் தேதி.

மூன்று முறை படித்தேன். பிழை இல்லை.

அக்டோபர் 15, புதன்

ரெஜினாவிடம் கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். "பேரு இருந்துச்சு, எண்ணிக்கை இருந்துச்சு. ஏதோ ஒரு பறவைன்னு விட்டுட்டேன் சார். எடுத்துரவா?"

எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். புத்தகத்தில் என் பெயர், அட்டையில் என் படம். நூற்று அறுபது பக்கங்களும் அவளுடையவை, அந்த அரைப் பக்கம் தவிர. அது மட்டும்தான் என்னுடையது. அதை எடுத்துவிட்டு மீதிக்குப் பெயர் போட்டுக்கொள்வதில் ஏதோ ஒன்று இடிக்கிறது.

"இப்ப வேண்டாம். யாரோட நோட்டோ அவங்க பாக்கட்டும்" என்றேன்.

"உங்க நோட்டு இல்லியா சார்?"

"இல்லம்மா."

நான்கரை மாதத்தில் இதை ஒருவரிடம் முதல்முறையாகச் சொல்கிறேன். அர்த்தம் பார்க்காதவளாக இருந்ததால் சொல்ல முடிந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஞானதுரை அல்வா கொடுத்தனுப்பியிருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்கு எட்டவில்லை.

அக்டோபர் 22, புதன்

தூத்துக்குடிக்குப் போய்வந்தேன். பையில் மூன்று நோட்டுகள், இரண்டு மெய்ப்புகள், மிச்ச அல்வா. வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். பேருந்து வாகைக்குளம் தாண்டுவதற்குள் அதை மூன்று முறை திருத்திவிட்டேன். கடைசியில் எஞ்சியது "எப்போது" மட்டும்.

சங்கரி மாடிப்படியில் ஓடி இறங்கி வந்து கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் ஒரு காலைக் கொஞ்சம் தாங்கிக்கொண்டாள்.

"வாங்க அத்தான். அக்கா மாடியில இருக்கா."

செண்பகவல்லி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வெயில் பட்டுக் கறுத்திருந்தாள். நன்றாக இருந்தாள்.

"வாங்க. சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

ஆகவில்லை. நோட்டுகளைக் கொடுத்தேன். வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, முந்தானையால் அட்டையைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. பிறகு மெய்ப்புகளைக் கொடுத்தேன். அது என்ன, எப்படி வந்தது, ஜூன் மாதம் நான் எதைச் சொல்லாமல் சர்க்கரை கலக்கினேன் என்பதையெல்லாம் சொன்னேன். சிறுவர் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தாள்.

"கூழைக்கடா தொண்டைப் பையில மீனைச் சேத்து வச்சுக்கிடும்னு எழுதியிருக்கிய."

"ஆமா. புத்தகத்துல அப்படித்தான்..."

"சேத்தெல்லாம் வைக்காது. தண்ணிய வடிச்சிட்டு அப்பமே முழுங்கிரும். பாத்தாத் தெரியும்." பக்கத்தைத் திருப்பினாள். "செம்போத்து பழம் திங்குதாக்கும்! இதைக் கேட்டா செம்போத்தே சிரிக்கும்."

அவளே சிரித்தாள். இலைக்கோழிப் பக்கத்தில் நின்று, "உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறது" என்று மெல்ல வாய்விட்டுப் படித்தாள். அந்தப் பக்கத்துக்கு எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.

பெரியவர்கள் புத்தகத்தில் இருபத்தாறாம் பக்கம் வந்தபோது நான் கொடியில் தொங்கிய துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு.

"இத யாரு போட்டா?"

"யாரும் போடல. அகர வரிசையில தானா வந்து உக்காந்துக்கிட்டு."

"நீங்க படிச்சியளா?"

"படிச்சேன். தப்பு ஒண்ணும் இல்ல."

அவள் என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். கேட்காமல்தான் எடுத்தாள். அரைப் பக்கத்தின் குறுக்கே ஒரே கோடு. நேரான கோடு.

"இது பறவைப் புஸ்தகம்" என்றாள்.

"ஏப்ரல் ஒன்பது மட்டும் இருக்கட்டுமே."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று சொல்ல எந்த நோட்டிலும் குறிப்பில்லை.

"அதையும் சேத்துத்தான்" என்றாள்.

புத்தகத்தில் அவள் பெயர்தான் வர வேண்டும் என்றேன். அதற்கு அவள், நோட்டு என்னுடையது, அதனால் பெரியவர்கள் புத்தகத்தில் என் பெயர் போடுங்கள், பிள்ளைகள் புத்தகத்தில் உங்கள் பெயர் போடுங்கள், அதிலுள்ள பிழையெல்லாம் உங்களுடையவை, நான் ஏற்க முடியாது என்றாள். தகுதி பார்த்துச் செய்த பாகப்பிரிவினை.

கிளம்பும்போது தயார் செய்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தேன்.

"இங்க என்னென்ன பறவை வரும்?"

அவள் பதில் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று. உப்பளத்தில் உள்ளான்கள், மழைக்குப் பிறகு பூநாரைகள், மீன்பிடித் துறைமுகத்துச் செம்பருந்துகள். நான் எதையும் திருத்தவில்லை. கடைசிப் பேருந்துக்கு முந்தின பேருந்தைத் தவறவிட்டேன்.

தனியாகத்தான் திரும்பினேன்.

நவம்பர் 8, சனி

ஞானதுரைக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கவலைப்பட்டது ஒன்றுக்குத்தான்.

"உங்க போட்டோ போட்டு அட்டை அடிச்சாச்சே அண்ணாச்சி!"

சிறுவர் புத்தகத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றேன். பைனாகுலரைத் திருப்பிப் பிடித்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் சந்தோஷப்படும்.

நவம்பர் 11, செவ்வாய்

இருபத்தாறாம் பக்கத்தில் சிக்கல். அந்தப் பகுதியை எடுத்தால் பின்னால் உள்ள அத்தனை பக்கமும் நகரும், பொருளடைவில் எல்லா எண்ணும் மாறும், அச்சகத்தில் நம் முறை நாளை மறுநாள் என்றாள் ரெஜினா. எடுத்துவிட்டு இடத்தை அப்படியே விடலாம். அண்டங்காக்கை முடிந்து அரைப் பக்கம் வெள்ளை. அடுத்த பக்கம் ஆள்காட்டி.

"சும்மாவா விட? அல்வாக் கடைக்காரர் விளம்பரம் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார் ஞானதுரை.

"வேண்டாம்."

"‘உங்கள் குறிப்புகளுக்கு’ன்னு போட்டு நாலு கோடு போட்டுருவோமா?"

"வேண்டாம்."

"அச்சுப்பிழைன்னு சொல்லுவாங்க சார்" என்றாள் ரெஜினா. அவள் என்னைப் பார்த்த விதத்தில், இந்த முறை அர்த்தம் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. "சொல்லட்டும். அப்படியே விட்டுருதேன்" என்று தானே முடித்தாள்.

டிசம்பர் 3, புதன்

மழை. மின்சாரம் இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக்கினேன்.

டிசம்பர் 19, வெள்ளி

இரண்டு புத்தகங்களும் வந்தன. பெரியவர்கள் புத்தகம் நன்றாக இருக்கிறது. தூத்துக்குடிக்கு ஐந்து பிரதிகள் கூரியரில் அனுப்பினேன். உள்ளே கடிதம் வைக்கவில்லை. வைத்திருந்தால் திருத்தியிருப்பேன்.

ஜனவரி 31, சனி

கண்காட்சியின் இரண்டாம் நாள். காலையில் தொலைபேசி. சங்கரியின் எண். முழங்காலைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு எடுத்தேன்.

"நான்தான்" என்றாள் செண்பகவல்லி.

"சொல்லு."

"புஸ்தகம் பாத்தேன். அச்சு, கட்டு எல்லாம் நல்லாருக்கு."

"ம்."

"இருபத்தாறாம் பக்கத்துல பாதி சும்மா கெடக்கே. ஏன்?"

"நீதானே அடிச்ச."

"அடிச்சா, வேற எதையாவது போட்டு நிரப்புதது இல்லியா? அம்பது பேரு கேப்பாங்க."

"போட ஒண்ணும் இல்ல" என்றேன்.

வெளியே ஏதோ பறவை கத்தியது. அவள் பக்கமா, என் பக்கமா என்று தெரியவில்லை.

"மறுபதிப்பு போடும்போது ஏதாவது எழுதித் தாரேன்" என்றாள்.

"என்ன எழுதுவ?"

"பாப்போம். இப்பமே எப்படிச் சொல்ல? பாத்துட்டுத்தான் எழுத முடியும்."

வைத்துவிட்டாள்.

கண்காட்சிக்குப் போனேன். ஞானதுரை கடை வாசலில் சிறுவர் புத்தகத்தைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் புத்தகம் எத்தனை அடித்தோம் என்று கேட்டேன். ஆயிரம் என்றார். ஆயிரமும் விற்று மறுபதிப்பு வர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன்.

"பறவைப் புஸ்தகமா? நம்ம ஊர்ல? நாலு வருசம் வைங்க அண்ணாச்சி."

எனக்கு அறுபத்து மூன்று வயது. கொஞ்சம் யோசித்தேன்.

"ஒரு அம்பது கட்டுங்க" என்றேன்.

"அம்பதா! யாருக்கு அண்ணாச்சி, சொந்தக்காரங்களுக்கா?"

"ஆமா."

அவர் கட்டுக் கட்டாகக் கட்டித் தந்தார். ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து கீழறையில், நான் செய்தித்தாள் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கினேன். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் ஐம்பது எடுக்க இடம் இருக்கிறது.